ஸ்டெம் செல் மாநாட்டுக்குப் போகிறீர்களா? போஸ்டர் பலகையிலிருந்து திட்டமிடுங்கள்

வெளிநாட்டு ஸ்டெம் செல் மாநாட்டுக்கு முதல்முறை கிளம்புகிறவர்கள் பெரிய அரங்கில் நடக்கும் பேச்சுகளை மனதில் வைத்துத்தான் கிளம்புகிறார்கள். அந்தப் பேச்சுகளில் பெரும்பகுதி ஏற்கெனவே கட்டுரையாக வந்துவிட்டது, இல்லையென்றால் சீக்கிரம் வந்துவிடும். தர்மபுரியில் உட்கார்ந்தே படித்துக்கொள்ளலாம். கட்டுரையின் செய்முறைப் பகுதியில் விட்டுப்போன விவரத்தை மட்டும் எங்கே உட்கார்ந்தும் படிக்க முடியாது. அதைச் சொல்லக்கூடியவர், தன் ஆய்வை ஒரே பெரிய தாளில் அச்சடித்து மாட்டிய போஸ்டர் பலகை முன்னால் நிற்கிற ஆராய்ச்சி மாணவர். அவரிடம் சரியான கேள்வி கேட்பதும், உங்கள் போஸ்டர் முன்னால் வந்து நிற்பவருக்குச் சரியான பதில் சொல்வதும்தான் இவ்வளவு செலவுக்கும் பலன். மற்ற எல்லா ஏற்பாட்டையும் போஸ்டர்கள் முன்னால் கழியும் அந்த இரண்டு மணி நேரத்தை மையமாக வைத்துச் செய்யுங்கள்.

மின்னஞ்சலில் வரும் அழைப்பைப் பார்த்து மாநாட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். "மதிப்பிற்குரிய அறிஞரே, எங்கள் உலக ஸ்டெம் செல் மாநாட்டில் பேச்சாளராக வாருங்கள்" என்று துபாய், ரோம், பாரிஸ் பெயர்களைப் போட்டு வருகிற கடிதங்களில் நிறைய வெறும் கட்டண வசூல். அடையாளம் சுலபம். அப்ஸ்ட்ராக்ட், அதாவது ஆய்வுச் சுருக்கம் அனுப்பிய ஓரிரு நாளில் ஏற்றுக்கொண்டதாகப் பதில் வரும். ஸ்டெம் செல், பல் மருத்துவம், செவிலியர் பணி எல்லாம் ஒரே ஹோட்டலில் ஒரே வாரத்தில் நடக்கும். போன வருட நிகழ்ச்சி நிரலைத் தேடினால் கிடைக்காது. அறிவியல் குழுவில் பெயர் இருக்கும் ஒருவருக்கு அவருடைய பல்கலைக்கழக மின்னஞ்சலில் எழுதிக் கேளுங்கள். தன் பெயர் அங்கே இருப்பதே தெரியாது என்று சிலர் பதில் எழுதுவார்கள். எங்கள் பக்கத்துக் கல்லூரிகளில் இளம் ஆசிரியர்கள் சம்பளப் பணத்தை இப்படி இழப்பதைப் பார்க்கும்போது மனசு கொதிக்கிறது.

நம்பிப் போகக்கூடியவை ஆராய்ச்சிச் சங்கங்கள் நடத்துபவை. 2002ல் தொடங்கிய சர்வதேச ஸ்டெம் செல் ஆராய்ச்சிச் சங்கத்தின், அதாவது ஐ.எஸ்.எஸ்.சி.ஆரின் ஆண்டு மாநாடு அவற்றில் பெரியது. 2023ல் பாஸ்டன், 2024ல் ஹாம்பர்க், 2025ல் ஹாங்காங் என்று வருடத்துக்கு ஓர் ஊர், பெரும்பாலும் ஜூன், ஜூலையில். பல ஆயிரம் பேர் வருவார்கள். கார்டன் ஆராய்ச்சி மாநாடுகள் சின்னவை. எல்லோரும் ஒரே இடத்தில் தங்கி, ஒரே மேசையில் சாப்பிட்டு, வெளியிடாத தரவைக் காட்டிப் பேசுவார்கள். அங்கே படம் எடுப்பதும் கேட்டதை மேற்கோள் காட்டுவதும் கூடாது. புதிய துறைக்குள் நுழைகிறவருக்குப் பெரிய மாநாடு நல்லது. ஒரு சோதனையில் மாட்டிக்கொண்டு வழி தேடுகிறவருக்குச் சின்னதுதான் கைகொடுக்கும்.

அதற்கும் முன்னால் பக்கத்தில் இருப்பதைப் பாருங்கள். பெங்களூரில் இன்ஸ்டெம் என்ற ஸ்டெம் செல் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. அதன் பிரிவாகவே வேலூர் சி.எம்.சி வளாகத்தில் ஸ்டெம் செல் ஆராய்ச்சி மையம் இயங்குகிறது. ரத்தம் சரியாக உறையாத ஹீமோபிலியா ஏ நோயாளிகள் 5 பேருக்கு அவர்களுடைய சொந்த ரத்த ஸ்டெம் செல்லிலேயே மரபணுவைச் சேர்த்துச் செலுத்திய ஆய்வு வேலூரிலிருந்து 2024 டிசம்பரில் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளிவந்தது. கிருஷ்ணகிரியிலிருந்து இரண்டு ஊருக்கும் காலையில் பஸ் ஏறினால் ராத்திரி வீடு திரும்பலாம். அங்கே நடக்கும் கருத்தரங்கில் ஒரு தடவை போஸ்டர் வைத்துப் பார்த்தவர் வெளிநாட்டில் தடுமாற மாட்டார்.

ஜூன் மாநாடு என்றால் அப்ஸ்ட்ராக்ட் கடைசி நாள் அநேகமாக ஜனவரி, பிப்ரவரியில் முடிந்துவிடும். பேச்சுக்கான கடைசி நாள் முந்தியும் போஸ்டருக்கான கடைசி நாள் பிந்தியும் இருக்கும். பேச்சு கிடைக்காது என்று நீங்களே முடிவு செய்து பிந்திய நாளுக்குக் காத்திருக்க வேண்டாம். முந்திய நாளிலேயே அனுப்புங்கள். பேச்சு கிடைக்காவிட்டால் போஸ்டராக எடுத்துக்கொள்வார்கள். அதே படிவத்தில் பயண உதவித்தொகைக்கு ஒரு பெட்டி இருக்கும். அதை டிக் செய்ய மறந்து விட்டவர்கள் எத்தனையோ பேர். பல சங்கங்களில் உறுப்பினர்களுக்கு மட்டும்தான் அந்த உதவி. ஆகவே உறுப்பினர் கட்டணத்தை முதலில் கட்டிவிடுங்கள், பதிவுக் கட்டணமும் குறையும்.

இங்கே மத்திய அரசின் ஆராய்ச்சி நிதி அமைப்பாக எஸ்.இ.ஆர்.பி இருந்த இடத்தில் இப்போது ஏ.என்.ஆர்.எஃப். அதோடு ஐ.சி.எம்.ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில்), டி.பி.டி (உயிரித் தொழில்நுட்பத் துறை), சி.எஸ்.ஐ.ஆர் (அறிவியல், தொழில் ஆராய்ச்சிக் கவுன்சில்) ஆகியவையும் பயண உதவி கொடுத்து வருகின்றன. பொதுவாக ஏற்புக் கடிதம் இல்லாமல் விண்ணப்பம் நகராது. கடிதம் வந்த அன்றே விண்ணப்பித்துவிட வேண்டும். பணம் பெரும்பாலும் திரும்பி வந்த பிறகுதான் கிடைக்கும் என்பதால், டிக்கெட்டுக்கும் தங்குமிடத்துக்கும் கையில் முன்பணம் வேண்டும்.

விசாவில் நம் ஊர்க்காரர்களுக்கு வருகிற தனிச் சிக்கல் இனிஷியல். கல்லூரிச் சான்றிதழில் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரித்து, மாநாட்டுப் பதிவில் இன்னொரு மாதிரி என்று மூன்று வடிவம் இருந்தால் அழைப்புக் கடிதம் பயன்படாமல் போகும். பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறதோ எழுத்துக்கு எழுத்து அப்படியே பதிவு செய்யுங்கள். ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். முடிவுக்கு 15 நாள் என்பது விதி, கூடவும் ஆகும். குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு வேண்டும். அழைப்புக் கடிதம், ஏற்புக் கடிதம், கல்லூரியின் தடையில்லாச் சான்று, வங்கிக் கணக்கு விவரம், தங்குமிட முன்பதிவு எல்லாம் தயாராக இருக்கட்டும். பெங்களூர் பக்கம்தானே என்று அங்கே அப்பாயிண்ட்மென்ட் போடுவதற்கு முன், தமிழ்நாட்டு முகவரிக்காரர்கள் எந்த மையத்துக்குப் போக வேண்டும் என்று அந்தந்த நாட்டின் விதியைப் பார்த்துவிடுங்கள். சில நாடுகளுக்குச் சென்னைதான்.

இனி போஸ்டர். ஏ0 அளவு 841 × 1189 மில்லிமீட்டர். நம் ஊர் பிரிண்டிங் கடைகள் அடிக் கணக்கில்தான் பேசும். "மூணுக்கு நாலு" என்று சொல்லிவிட்டால் 914 × 1219 மில்லிமீட்டர் வந்துவிடும், ஏ0 பலகையில் ஓரம் வெளியே நிற்கும். மில்லிமீட்டரில் எழுதிக் கொடுங்கள். நெடுக்கா அகலமா என்பதையும் மாநாட்டுக் குறிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள். ஃப்ளெக்ஸ் வேண்டாம். விளக்கு பட்டால் மின்னும், கனம் அதிகம், மடித்தால் கோடு விழும். மேட் பேப்பர் நன்றாக இருக்கும், ஆனால் சுருட்டி வைக்கும் குழாய் 85 சென்டிமீட்டருக்கு மேல் நீளம். கைப்பை அளவு பொதுவாக 55 சென்டிமீட்டர் என்பதால், விமான வாசலில் நிற்க வைத்து லக்கேஜில் போடச் சொல்லும் ஆபத்து உண்டு. துணியில் அச்சடித்தால் மடித்துப் பையில் வைத்துவிடலாம். துணி அச்சு ஓசூரிலோ பெங்களூரிலோ கிடைக்கும். ஒரு வாரம் முன்பே கொடுத்துவிடுங்கள்.

அச்சுக்குப் போகும் முன் ஒரு விஷயத்தைக் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்க்க வேண்டும். உங்கள் கணினியில் இருக்கும் கிரேக்க எழுத்து ஃபான்ட் கடைக்காரரின் கணினியில் இருக்காது. பீட்டா வெறும் கட்டமாக வந்தால் கண்ணுக்குத் தெரிந்துவிடும். மைக்ரோ குறி சத்தமில்லாமல் 'எம்' எழுத்தாக மாறிவிடும். சிம்பல் ஃபான்ட்டில் தட்டியது சாதாரண ஃபான்ட்டில் அப்படித்தான் விழும். செல் சாகாமல் இருக்கச் சேர்க்கும் 10 மைக்ரோமோலார் ராக் தடுப்பான் 10 மில்லிமோலார் ஆகி, ஆயிரம் மடங்கு கூடி நிற்கும். போஸ்டரைப் படிக்கும் முதல் ஆள் அதில்தான் விரல் வைப்பார். கோப்பை பவர்பாயின்டாகக் கொடுக்காதீர்கள். ஃபான்ட்டுகளை உள்ளே பதித்த பி.டி.எஃப் ஆகக் கொடுங்கள். அச்சுக்கு முன் கடைக்காரர் திரையில் 100 சதவீத அளவில் திறக்கச் சொல்லி, அளவு எழுதிய ஒவ்வொரு இடத்தையும் விரலால் தொட்டுப் பாருங்கள்.

நிறத்திலும் கவனம் வேண்டும். செல்லை ஒளிரவைக்கும் ஜி.எஃப்.பி புரதத்தின், திரையில் பளிச்சென்று தெரியும் பச்சை அச்சில் மங்கிவிடும். அச்சு மையின் நான்கு நிறங்களால் அந்தப் பச்சையைக் கொண்டுவர முடியாது. அதற்காகப் படத்தின் வெளிச்சத்தை ஏற்றிவிடாதீர்கள், படத்தைத் திருத்தியதாகச் சந்தேகம் வரும். ஒவ்வொரு சேனலையும், அதாவது ஒவ்வொரு நிறத்தில் எடுத்த படத்தையும் தனித்தனியாகக் கறுப்பு வெள்ளையில் வைத்து, சேர்த்த படத்துக்கு மட்டும் மெஜந்தாவும் பச்சையும் கொடுங்கள். சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாதவர்களும் வருவார்கள். ஒவ்வொரு படத்திலும் அளவுக்கோடு இருக்க வேண்டும். எழுத்து 24 புள்ளிக்குக் கீழே போகக் கூடாது. தலைப்பை இரண்டு மீட்டர் தள்ளி நின்று படிக்க முடிய வேண்டும். நெறிமுறைக் குழு அனுமதி எண்ணைப் போஸ்டரிலேயே போட்டுவிடுங்கள். ஐ.சி.எம்.ஆரின் 2017 வழிகாட்டுதலின்படி நெறிமுறைக் குழுவோடு ஸ்டெம் செல் ஆராய்ச்சிக்கான தனி நிறுவனக் குழுவின் அனுமதியும் தேவை. அரசு மருத்துவமனைப் பிரசவ வார்டிலிருந்து தொப்புள்கொடி வாங்கி வேலை செய்கிறவர்கள், தாயிடம் ஒப்புதல் எப்போது வாங்கினோம் என்பதற்குத் தெளிவான பதில் வைத்திருக்க வேண்டும். வலி எடுத்த பிறகு வாங்கிய கையெழுத்தை யாரும் ஒப்புதலாக மதிப்பதில்லை.

போஸ்டர் முன்னால் நிற்கும்போது முதல் வாக்கியத்திலேயே எந்த உயிரினம், எந்தச் செல், என்ன கேள்வி என்பதைச் சொல்லிவிடுங்கள். அடுத்து உங்கள் முக்கியமான படம் ஒன்று. மொத்தம் இரண்டு நிமிடம், அதற்குமேல் கேட்பவர் கேட்டால்தான். கூடத்தில் இரைச்சல் அதிகம், நம் ஆங்கில உச்சரிப்பும் அவர்களுக்குப் புதிது. மெதுவாகப் பேசினால் குறையொன்றும் இல்லை.

வரும் கேள்விகளை முன்கூட்டியே சொல்லிவிடலாம், அவை மாறுவதே இல்லை. செல் எத்தனையாவது பாசேஜ், அதாவது எத்தனை தடவை பிரித்துப் புதுக் கிண்ணத்துக்கு மாற்றியது? செல் வளர்ப்பில் கண்ணுக்குத் தெரியாமல் புகும் மைக்கோபிளாஸ்மா கிருமிக்கான சோதனை எப்போது செய்தீர்கள், ஆன்டிபயாடிக் போட்டு வளர்த்தீர்களா? ஆன்டிபயாடிக் தொற்றை மறைத்து வைக்கும் என்பதால்தான் அந்தக் கேள்வி. எத்தனை கொடையாளர்கள்? இந்த இடத்தில்தான் நம் பக்கத்துப் போஸ்டர்கள் நிறைய சறுக்குகின்றன. ஒரே கொடையாளரின் செல்லை வளர்ப்புத் தட்டின் மூன்று குழியில் போட்டு எண்ணிக்கை 3 என்று எழுதினால் அது மூன்று அல்ல, ஒன்று. மூன்று கொடையாளர்கள் இல்லையென்றால் ஒருவர் என்றே எழுதிவிடுங்கள். அதில் கௌரவக் குறைவு இல்லை. மறைத்து மாட்டினால்தான் கௌரவம் போகும்.

எலும்பு மஜ்ஜை, தொப்புள்கொடி, பல்கூழ் செல்களில் வேலை செய்கிறவர்களிடம் 2006ல் சர்வதேச செல் சிகிச்சைச் சங்கம் வகுத்த அளவுகோலைக் கேட்பார்கள். பிளாஸ்டிக்கில் ஒட்ட வேண்டும். செல்லின் மேற்பரப்பில் உள்ள அடையாளப் புரதங்களில் சி.டி.73, 90, 105 மூன்றும் 95 சதவீதச் செல்களுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். சி.டி.34, 45, எச்.எல்.ஏ-டி.ஆர் போன்றவை 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. எலும்பு, கொழுப்பு, குருத்தெலும்பு மூன்றாகவும் மாற வேண்டும். கொழுப்பையும் எலும்பையும் காட்டிவிட்டுக் குருத்தெலும்பை விட்டுவிடுவது வழக்கமாகிவிட்டது. அது இல்லையென்றால் ஏன் இல்லை என்பதற்குப் பதில் தயாராக இருக்கட்டும்.

சாதாரண செல்லை மாற்றி ஸ்டெம் செல் போல ஆக்கிய ஐ.பி.எஸ் செல்லில் வேலை செய்கிறவர்களை குரோமோசோம் கேள்வி விடாது. ஜப்பானிய விஞ்ஞானி யாமானாகா 2006ல் எலியிலும் 2007ல் மனிதரிலும் நான்கு மரபணுக்களால் இந்தச் செல்லை உண்டாக்கினார். 2014ல் ஜப்பானின் கோபே நகரில் அந்தச் செல்லிலிருந்து வளர்த்த விழித்திரைப் படலத்தை முதல் நோயாளிக்கு வைத்தார்கள். இரண்டாவது நோயாளிக்குத் தயாரித்த செல்லில் மரபணு மாற்றங்கள் தென்பட்டதால் நிறுத்தினார்கள். அதனால் "கேரியோடைப் நார்மல்", அதாவது குரோமோசோம்களின் எண்ணிக்கையும் வடிவமும் சரி என்று சொன்னதோடு கேள்வி முடியாது. 20ஆம் குரோமோசோமின் நீண்ட கையில் 20கியூ11.21 என்ற இடம் இரட்டிப்பாவது இந்தச் செல்களில் அடிக்கடி நடக்கிறது. அங்கே உள்ள பி.சி.எல்.2.எல்.1 மரபணு செல்லைச் சாகவிடாமல் காப்பதால், அப்படி மாறிய செல்கள் கிண்ணத்தில் மற்றதை மிஞ்சி வளர்ந்துவிடும். பெரும்பாலும் அந்தத் துண்டு சின்னது, குரோமோசோமுக்குச் சாயமேற்றிப் பார்க்கும் ஜி-பேண்டிங்கில் கண்ணுக்குப் படாது. அந்தத் துண்டு எத்தனை பிரதி என்று காட்டும் க்யூ.பி.சி.ஆர் அல்லது ஃபிஷ் சோதனை வேண்டும். சாதாரண க்யூ.பி.சி.ஆர் மெஷின் இருக்கும் கல்லூரியிலேயே செய்துவிடக்கூடியது இது. போவதற்கு முன்னால் செய்து, சின்னப் படமாகப் போஸ்டரின் கீழ் மூலையில் வைத்துவிடுங்கள். செய்யவில்லை என்றால் "இன்னும் செய்யவில்லை, எந்தப் பிரைமர் நல்லது?" என்று திருப்பிக் கேளுங்கள். அந்தக் கேள்வியிலிருந்தே நல்ல தொடர்பு கிடைக்கும்.

மற்றவர் போஸ்டருக்கு நீங்கள் போகும்போது செய்முறைப் பகுதியில் இல்லாததைக் கேளுங்கள். இதயத் தசைச் செல்லை எடுத்துக்கொள்வோம். 2012ல் விஸ்கான்சின் ஆய்வகம் வெளியிட்ட முறைப்படி, முதலில் சி.எச்.ஐ.ஆர் 99021 என்ற மூலக்கூறை ஒரு நாள் கொடுத்து, மூன்றாம் நாள் ஐ.டபிள்யூ.பி வகைத் தடுப்பானைக் கொடுத்தால், இரண்டாவது வாரத்துக்குள் செல்கள் துடிக்கத் தொடங்க வேண்டும். எழுத்தில் இவ்வளவுதான். கையில் செய்தால் பாதிப் பேருக்குத் துடிக்காது. சி.எச்.ஐ.ஆர் எவ்வளவு என்பது செல் வரிசைக்கு (செல் லைன்) வரிசை மாறும். ஒன்றுக்கு 6 மைக்ரோமோலார் போதும், இன்னொன்றுக்கு 12 வேண்டும். செல் நெருக்கம் குறைவாக இருந்தால் அதே அளவு செல்லைக் கொன்றுவிடும், கூடினால் ஒன்றும் நடக்காது. ஆகவே கேட்க வேண்டியது: சி.எச்.ஐ.ஆர் ஊற்றும் அன்று காலையில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு எத்தனை செல்? விதைத்து எத்தனை நாள் கழித்து? 24 மணி நேரம் என்பது சரியாக 24ஆ, 20லிருந்து 28க்குள்ளா? செல் ஒட்டி வளர கிண்ணத்தில் பூசும் மேட்ரிஜெல் எந்த லாட்? எது செய்தபோது கெட்டுப்போனது? கடைசிக் கேள்விக்குத்தான் மனம் திறந்து பதில் சொல்வார்கள், தோற்ற சோதனைகளை எழுத எந்தக் கட்டுரையிலும் இடமில்லை.

படம் எடுக்கும் முன் அனுமதி கேளுங்கள். கேமராவைக் குறுக்கே வெட்டிய குறி இருந்தால் கேட்கவே வேண்டாம். வெளியிடாத தரவை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடுவது பெரிய தவறு. ராத்திரி அறைக்கு வந்ததும், யார், எந்த ஆய்வகம், என்ன சொன்னார், என்ன அனுப்புவதாகச் சொன்னார் என்று எழுதி வையுங்கள். மறுநாள் காலையில் முகங்கள் குழம்பிவிடும். யாராவது அன்பாக ஒரு வயல் செல்லோ ஆன்டிபாடியோ கையில் கொடுத்தால் வாங்கிப் பெட்டியில் வைக்காதீர்கள். ஒப்பந்தம், இறக்குமதி அனுமதி எல்லாம் முடித்து கூரியரில் வர வேண்டிய பொருள் அது.

கம்பெனி ஸ்டால்களில் பேனா, பை வாங்குவதோடு திரும்ப வேண்டாம். அங்கே விற்பனையாளரை விட்டுவிட்டுத் தொழில்நுட்பப் பிரிவு ஆளைக் கேளுங்கள். நமக்கு முக்கியமான கேள்வி வெயிலும் மின்வெட்டும் சார்ந்தது. மேட்ரிஜெல் 10 டிகிரிக்கு மேல் போனால் இறுகத் தொடங்கும். வழியில் ஐஸ் உருகினால் மொத்தமும் வீண். அதற்குப் பதிலாக விட்ரோனெக்டின், லேமினின் 521 உங்கள் செல்லுக்கு ஒத்து வருமா, இந்தியாவில் யார் சப்ளை, எந்த ஊர்க் கிடங்கிலிருந்து வரும் என்று கேளுங்கள். லிக்விட் நைட்ரஜன் கேன் நம் மாவட்டங்களில் புதிதல்ல, மாட்டுச் சினை ஊசிக்காரர் கையில் பார்த்த அதே மைனஸ் 196 டிகிரிதான். கேன் வாங்கும்போது கொள்ளளவைப் பார்த்தால் போதாது. நிரப்பாமல் எத்தனை நாள் தாங்கும் என்ற கணக்கைக் கேட்க வேண்டும். தொடர் விடுமுறை வந்தால் செல் பிழைப்பதும் சாவதும் அந்தக் கணக்கில்தான்.

பயணத்தைப் பற்றிக் கொஞ்சம். பெங்களூரின் தேவனஹள்ளி விமான நிலையம் கிருஷ்ணகிரியிலிருந்து சுமார் 130 கிலோமீட்டர், தர்மபுரியிலிருந்து சுமார் 175. ஐரோப்பா விமானங்கள் பல நள்ளிரவுக்கு மேல்தான் கிளம்புகின்றன. மாலையில் புறப்பட்டு சில்க் போர்டு, ஹெப்பால் நெரிசலில் சிக்குவதை விட, அத்திப்பள்ளியில் பிரிந்து சர்ஜாபூர், ஹோஸ்கோட்டே வழியாகத் தேவனஹள்ளிக்குப் போனால் நகரத்துக்குள் நுழைய வேண்டியதில்லை. ஐரோப்பாவுக்கு ஒரு நாள் முன்னதாகப் போனால் போதும். பாஸ்டன் மாதிரி அமெரிக்கக் கிழக்குக் கரை ஊர் என்றால் இரண்டு நாள் வேண்டும். அங்கே மாலை 6 மணி போஸ்டர் என்பது கோடையில் நம் உடம்புக்கு அதிகாலை 3.30. நிற்கத் தெம்பில்லாமல் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாது. கூடத்தில் ஏ.சி குளிர் அதிகம், சால்வை ஒன்று பையில் இருக்கட்டும்.

திரும்பி வந்த ஒரு வாரத்துக்குள் மின்னஞ்சல் அனுப்பிவிட வேண்டும். எந்தப் போஸ்டர் முன்னால் என்ன பேசினீர்கள், அவர் எதை அனுப்புவதாகச் சொன்னார் என்று நான்கே வரி. இரண்டு வாரம் தாண்டினால் அவர்களுக்கு நினைவிருக்காது. போர்டிங் பாஸ், விசா ரசீது, பதிவு ரசீது, வருகைச் சான்றிதழ் எல்லாம் ஒரே உறையில் இருந்தால் பயணக் கணக்கு முடிப்பது சுலபம். போர்டிங் பாஸைத் தொலைத்துவிட்டால் அலைச்சல்தான்.

ஊரில் விஷயம் தெரிந்ததும் வீடு தேடி ஆள் வருவார்கள். மூளை வாதம் உள்ள குழந்தையின் அப்பா, ஆட்டிசக் குழந்தையின் அம்மா, மூட்டு வலிக்கார பெரியவர் வருவார்கள். "ஸ்டெம் செல் போட்டால் சரியாகும்னு சொல்றாங்களே, தம்பி, பணம் கட்டலாமா?" என்பார்கள். நிதானமாக உட்கார வைத்துப் பேசுங்கள். ரத்த நோய்களுக்கான எலும்பு மஜ்ஜை மாற்று, அதாவது ரத்த ஸ்டெம் செல் மாற்று, நிலைபெற்ற சிகிச்சை. தலசீமியா குழந்தைக்குக்கூட அது உண்டு. மூளை வாதம், ஆட்டிசத்துக்கு ஐ.சி.எம்.ஆர் வழிகாட்டுதல்படி அனுமதி பெற்ற ஆய்வுக்குள் மட்டும்தான் கொடுக்கலாம், அந்த ஆய்வில் சேர்கிறவரிடம் பணம் வாங்கக் கூடாது. மூட்டுத் தேய்மானத்துக்கும், மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைமை அலுவலகம் அனுமதித்த செல் மருந்தைத் தவிர மற்றதற்கு இதே விதிதான். அது ஆய்வுதானா என்று தெரிந்துகொள்ள மருத்துவமனையிடம் சி.டி.ஆர்.ஐ, அதாவது இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டின் பதிவு எண்ணைக் கேட்கச் சொல்லுங்கள். எண் கொடுத்தால் அவர்கள் முன்னாலேயே உங்கள் போனில் அந்தத் தளத்தைத் திறந்து, நோயின் பெயர் பொருந்துகிறதா, எந்தக் கட்டம், நெறிமுறைக் குழு அனுமதி இருக்கிறதா, மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைமை அலுவலக அனுமதி இருக்கிறதா, ஆள் சேர்ப்பது இன்னும் நடக்கிறதா என்று வரி வரியாகப் படித்துக் காட்டுங்கள். எண் கொடுக்க மறுத்தால், கட்ட வைத்திருக்கும் பணத்தைக் குழந்தையின் பிசியோதெரபிக்கும் பேச்சுப் பயிற்சிக்கும் செலவழிக்கச் சொல்லுங்கள்.